சட்டம் எட்டாத வயதில் ஆட்டிசக் குழந்தைகள்

புது தில்லி:
"தண்ணீர் வேண்டுமா?" என்று கேட்கிறார் ஆசிரியை. "தண்ணீர் வேண்டுமா?" என்று அதே தொனியில் திருப்பிச் சொல்கிறது நான்கு வயதுக் குழந்தை. கேலி என்று எண்ணி அதட்டினால், தாகத்தைச் சொல்ல அக்குழந்தை அறிந்த வழியும் அடைபட்டுவிடும். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலர், காதில் விழுந்த சொல்லையே வேண்டுகோளாகத் திருப்பித் தருகின்றனர்.

இதை அறிந்த ஆசிரியை குவளைப் படமொன்றைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பார். குழந்தை அதை எடுத்து நீட்டியதும் தண்ணீர் கிடைக்கும். பாட்டு, உணவு, உறக்கம் என அன்றைய அலுவல்களும் படங்களாகச் சுவரில் வரிசையாக இருக்கும். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாத பதற்றமே பல வேளைகளில் அலறலாக வெடிக்கிறது. அந்நேரத்தில் தண்டனை பயன் தராது. இரைச்சலில்லாத மூலையும் தாழ்ந்த குரலும் சற்றுப் பொறுமையுமே குழந்தையை அமைதிப்படுத்தும். இதற்குச் செலவு சொற்பம். பயிற்சி பெற்ற ஆசிரியைதான் தேவை.

சட்டமோ தாமதமாகவே வந்தது. 1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டப் பட்டியலில் ஆட்டிசம் இல்லை. 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதை ஏற்றது. கல்வி உரிமையுடன் கூடிய முழு அங்கீகாரம் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் கிடைத்தது. அதிலும் இலவசக் கல்வி 6 வயது முதல் 18 வயது வரைதான். 2009-இன் கல்வி உரிமைச் சட்டமும் 6 வயதில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய பருவத்துக்கு அரசு "முயல வேண்டும்" என்பதோடு 2002-ஆம் ஆண்டின் அரசியல் சட்டத் திருத்தம் நின்றுவிட்டது. பேச்சுப் பழக்கம் உருவாகும் ஆண்டுகள் உரிமைக்கு வெளியே நிற்கின்றன.

ஏழைக் குழந்தைக்கு அந்த ஆண்டுகளின் வகுப்பறை அங்கன்வாடிதான். மாற்றுத்திறன் குழந்தைகளைக் கண்டறிந்து, மற்றவர்களோடு சேர்த்துக்கொண்டு, மருத்துவ உதவிக்கு அனுப்புவதற்கான நெறிமுறையை மத்திய அரசு 2023 நவம்பரில் வெளியிட்டது. நல்ல ஆவணம்தான். ஆனால் அதை யார் நிறைவேற்றுவது? சிறப்பு ஆசிரியர் விகிதத்தை 2022-இல் மத்திய அரசு வரையறுத்தது பள்ளிகளுக்குத்தான். தொடக்க வகுப்புகளில் 10 குழந்தைகளுக்கு ஒருவர் என்ற அந்தக் கணக்கு அங்கன்வாடிக்குப் பொருந்தாது.

அங்கே ஒரே பெண் எடை பார்க்கிறார், சத்துணவு வழங்குகிறார், கர்ப்பிணிகளின் விவரம் எழுதுகிறார், அனைத்தையும் கைப்பேசிச் செயலியிலும் பதிகிறார். அரசின் கணக்கில் அவர் ஊழியர்கூட அல்லர், 'கௌரவப்' பணியாளர். மத்திய அரசு 2018-இல் உயர்த்திய மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய். குவளைப் படத்தை எடுத்து நீட்டக் குழந்தைக்குப் பழக்க வேண்டியவரும் அவரே.