இட்டேரியில் செல்லும் முறை

கொங்கு நாட்டில் தோட்டங்களுக்கும் கொரங்காடுகளுக்கும் நடுவே, இருபுறமும் கிளுவை வேலி சூழச் செல்லும் குறுகிய பாதை இட்டேரி எனப்படும். பால் சங்கத்துக்குப் பால் கொண்டு செல்வதும், ஆடுமாடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டுவதும், குழந்தைகள் பள்ளிக்கூடம் செல்வதும், ஊரார் தார் ரோட்டை அடைவதும் பெரும்பாலும் இதன் வழியே ஆகும். முன்னாளில் கால்நடையாகச் செல்வோரும் கட்டை வண்டிகளுமே இதில் சென்றனர். வண்டி மாட்டின் நடைக்கும் மனிதன் நடைக்கும் அதிக வித்தியாசமில்லை. ஆகையால் ஒருவரால் மற்றொருவருக்கு இடையூறு நேர்வது அபூர்வமாக இருந்தது.

இந்நிலை மாறிவிட்டது. 1925ஆம் ஆண்டையொட்டித் திருப்பூரில் ஆரம்பமான பனியன் தொழில் நாளடைவில் பெருகி, அவிநாசி, பல்லடம், ஊத்துக்குளி, காங்கேயம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆண்களையும் பெண்களையும் வேலைக்கு அழைத்துக் கொண்டது. அவர்களில் பலர் சைக்கிளில் செல்கின்றனர். மேல்வகுப்பு மாணவ மாணவிகளுக்கு அரசாங்கம் இலவசமாக வழங்கும் சைக்கிள்களும் கிராமந்தோறும் உள்ளன. இவற்றோடு காவலுக்கு வளர்க்கும் நாய்களும், எவரும் வளர்க்காத நாய்களும் பாதையில் திரிகின்றன. பாதையின் அகலமோ பாட்டன் காலத்தில் இருந்த அளவுதான்; சில இடங்களில் வேலி முன்னே நகர்ந்து அதுவும் குறைந்திருக்கிறது.

பட்டணத்தில் நடைபாதை உண்டு, விளக்குக் கம்பம் உண்டு, போலீஸாரும் உண்டு. இட்டேரியில் இவை ஒன்றும் இல்லை. ஆகவே மற்ற இடங்களில் சட்டம் செய்யும் வேலையை இங்கே ஒருவர்க்கொருவர் காட்டும் அநுசரணையே செய்ய வேண்டும். அதன் சாரம் யாதெனில், அதிகத் தீங்கு செய்யக் கூடியவர் அதிகக் கவனம் செலுத்த வேண்டும் என்பதே. மோட்டார் சைக்கிள்காரர் சைக்கிள்காரருக்கும், சைக்கிள்காரர் நடப்பவருக்கும், நாயை உடையவர் எல்லோருக்கும் பொறுப்பாவார். இங்கிலாந்து தேசத்தில் 2022ஆம் ஆண்டு ஜனவரியில் திருத்தப்பட்ட சாலை விதிகளிலும் இக்கொள்கையே முதலிடம் பெற்றிருக்கிறது.

சைக்கிளில் செல்வோர்

மனிதன் சாதாரணமாக மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பான். அதாவது வினாடிக்கு ஏறக்குறைய நாலரை அடி. சைக்கிள் மணிக்கு 15 கிலோமீட்டர் செல்லுமாயின் வினாடிக்கு ஏறக்குறைய 14 அடி கடக்கும். எதிரில் குழந்தை ஓடி வருவதைக் கண்டு, பிரேக்கைப் பிடிக்கக் கை எழுவதற்குள் ஒரு வினாடி ஆகிவிடும். அதற்குள் 14 அடி போய்விடும். பிரேக் பிடித்த பின்னும் சக்கரம் உடனே நிற்பதில்லை. மணல் பரந்த இடத்தில் சக்கரம் வழுக்கும். மழையில் நனைந்த சக்கரத்தில் பிரேக் சரியாகப் பிடிக்காது. வேலி மறைக்கும் முடக்குகளில் எதிரே வருபவர் 14 அடி தூரத்திலும் கண்ணில் படாமல் இருக்கக் கூடும். ஆகையால் முடக்குகளில் நடைவேகத்துக்குக் குறைத்துக் கொள்வது மரியாதை மட்டுமன்று, தன் எலும்பைக் காத்துக் கொள்வதுமாகும்.

மணி அடிப்பதிலும் முறை உண்டு. முதுகுக்குப் பின்னே வந்து திடீரென்று அடித்தால், முன்னே செல்பவர் திடுக்கிட்டு எந்தப் பக்கம் ஒதுங்குவாரென்று சொல்ல முடியாது. குழந்தைகள் தாய் நிற்கும் பக்கம் பாய்வது இயற்கை. இருபது முப்பது கஜத்துக்கு முன்பே ஒருமுறை மணியடித்து, அவர் திரும்பிப் பார்த்த பின் மெதுவாகக் கடந்து செல்ல வேண்டும். முதியவருக்குக் காது மந்தமாயிருக்கலாம். மணிக்கு ஒதுங்கவில்லையென்று கோபிப்பது நியாயமன்று. இரவு ஷிப்டு முடிந்து கூட்டமாக நடந்து வரும் பெண்களின் பின்னே சத்தமின்றி வந்து உரசினாற்போல் கடப்பது அவர்களுக்குப் பெரும் அச்சத்தை உண்டாக்கும். தூரத்திலேயே குரல் கொடுத்து, இடம்விட்டுச் செல்வதே தக்கது.

ஆட்டு மந்தையைச் சந்தித்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்பது உத்தமம். ஒரு ஆடு மிரண்டால் மந்தை முழுவதும் மிரளும். தலையில் புல்லுக்கட்டோ தண்ணீர்க்குடமோ சுமந்து வருபவர் திரும்பிப் பார்க்கவோ விரைந்து ஒதுங்கவோ இயலாது. அவருக்குச் சைக்கிள்காரரே வழிவிட வேண்டும். இரவில் முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் அவசியம். விளக்கில்லாத சைக்கிளைப் போலீஸார் பிடித்து அபராதம் விதித்த காலம் ஒன்று இருந்தது. இப்பொழுது பிடிப்பவர் இல்லாவிடினும் இருட்டு மாறிவிடவில்லை. இருவர் மூவர் பக்கம் பக்கமாகப் பேசிக் கொண்டு ஓட்டுவதும், செல்போனைக் காதில் வைத்துக் கொண்டு ஓட்டுவதும் கூடாது.

சைக்கிள் புதிதாகப் பழகும் பெண்களும் சிறுவர்களும் இட்டேரியிலேயே பழகுகின்றனர். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கத்தின் போது ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்று, தண்ணீர் எடுப்பதற்கும் சந்தைக்குச் செல்வதற்கும் பிறரை எதிர்பாராத நிலையை அடைந்தனர். பழகுகிறவர் தடுமாறும்போது பரிகசிக்காமல் சற்று நின்று வழிவிடுவது, ஒரு குடும்பத்தின் முன்னேற்றத்துக்குச் செய்யும் உதவியாகும்.

நடந்து செல்வோர்

நடப்பவருக்கு முதலுரிமை உண்டென்பதால் பாதை முழுவதையும் அடைத்துச் செல்லலாம் என்று பொருளாகாது. மணியோசை கேட்டதும் ஒருவர்பின் ஒருவராகி ஒரே பக்கமாக ஒதுங்க வேண்டும். பாதி பேர் ஒருபக்கமும் பாதி பேர் மறுபக்கமும் ஒதுங்கி, பின் ஒருவரையொருவர் நாடிக் குறுக்கே ஓடுவதே பல விபத்துக்களுக்குக் காரணம். ஒதுங்கிய பின் நின்ற இடத்தில் நிற்பது நலம். குழந்தையை வேலிப் பக்கமாகக் கைப்பிடித்து நடத்த வேண்டும். இருட்டில் டார்ச் விளக்கும், வெளிர்நிற ஆடையும் நடப்பவரைத் தூரத்திலேயே காட்டிக் கொடுக்கும்.

நாய் வளர்ப்போர்

பட்டிக்கும் தோட்டத்துக்கும் நாய் காவல் என்பதில் ஐயமில்லை. ஆனால் காவல் வேலிக்கு உள்ளேதான். பாதை ஊருக்குப் பொது. பகலில் கட்டி வைத்து, இரவில் வேலிக்குள் அவிழ்த்து விடுவதும், நாய் நுழைந்து வெளிவரும் சந்துகளைக் கிளுவைக் குச்சி நட்டு அடைப்பதும் உடையவரின் கடமை. பாதையில் அழைத்துச் செல்லும்போது நாலைந்து அடிக்கு மிகாத கயிற்றில் பிடித்து, எதிரே வருபவருக்கும் நாய்க்கும் நடுவே தாம் நடக்க வேண்டும். நீண்ட கயிற்றில் நாய் ஒருபுறமும் உடையவர் மறுபுறமும் சென்றால், அந்தி மங்கலில் அக்கயிறு சைக்கிள்காரருக்குப் பெரும் ஆபத்தாகும். “எங்கள் நாய் கடிக்காது” என்று சொல்வதில் பயனில்லை. அஞ்சுகிறவருக்கு அது தெரியாது.

நாயின் மலத்தில் கொக்கிப்புழு முதலிய கிருமிகளின் முட்டைகள் இருக்கக் கூடும். அவற்றிலிருந்து வெளிவரும் நுண்புழுக்கள் வெறுங்காலுடன் நடப்பவரின் தோலைத் துளைத்து உட்புகும். ஆகையால் பாதையில் நாய் அசுத்தம் செய்தால் மண்வெட்டியால் அள்ளி, தொலைவில் குழியிட்டுப் புதைக்க வேண்டும்.

வளர்க்க முடியாத குட்டிகளை இட்டேரியில் விட்டுச் செல்வதும், கோழி, ஆட்டு இறைச்சிக் கழிவுகளை வேலியோரம் கொட்டுவதும் ஊருக்கே செய்யும் தீங்காகும். தீனி கிடைக்குமிடத்தில் நாய்கள் கூட்டமாகச் சேரும். தீனி குறைந்த நாளில் அக்கூட்டம் பட்டியை நாடும். 2024, 2025ஆம் ஆண்டுகளில் காங்கேயம், வெள்ளகோயில், தாராபுரம் வட்டாரங்களில் நாய்கள் பட்டிகளில் புகுந்து ஏராளமான ஆடுகளைக் கடித்துக் கொன்றதும், விவசாயிகள் நஷ்ட ஈடு கோரிப் போராடியதும் யாவரும் அறிந்ததே. சங்கத்தில் கடன் பெற்று வாங்கிய ஆடு இறந்தாலும் அதன் கடன் இறப்பதில்லை. ஆகையால் இது நாய் வளர்ப்போரின் சொந்த விஷயம் மட்டுமன்று, சங்கத்தின் விஷயமுமாகும்.

அதற்காக நாய்களுக்கு விஷம் வைக்கலாகாது. அது 1960ஆம் ஆண்டுப் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அவ்விஷத்தை ஆடும் மயிலும் தின்று மடிவதும் உண்டு. தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டுமென்பது 2023ஆம் ஆண்டு விதிகளின் ஏற்பாடு. இதை நடத்திக் கொடுக்கும்படி பஞ்சாயத்தாரை ஊரார் வற்புறுத்த வேண்டும்.

நாய் துரத்தினால், கடித்தால்

ஓடும் பொருளைத் துரத்துவது நாயின் சுபாவம். வேகமாக மிதிக்க மிதிக்க அது மேலும் துரத்தும். மிதிப்பதை நிறுத்தி, இறங்கி, சைக்கிளை நாய்க்கும் தமக்கும் நடுவே வைத்துக் கொண்டு, அதன் கண்ணை உற்றுப் பாராமல் மெல்ல நடந்தால் பெரும்பாலும் அது விலகிவிடும். நடப்பவரும் ஓடக் கூடாது. காலால் உதைக்கக் கூடாது.

கடியோ நகக் கீறலோ பட்டால் அது அற்பமென்று விடலாகாது. வெறிநோயின் அறிகுறி தோன்றிய பின் பிழைப்பது அரிதினும் அரிது. ஆனால் காலத்தில் சிகிச்சை செய்து கொண்டால் நோய் வராமல் தடுக்கலாம். கடித்து வாரங்களோ மாதங்களோ சென்ற பின்பும் நோய் தோன்றக் கூடும். செய்ய வேண்டியவை வருமாறு:

1. காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிஷம் கழுவ வேண்டும். இதுவே முதற் சிகிச்சை.

2. மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பக் கூடாது.

3. அன்றைய தினமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசாங்க ஆஸ்பத்திரிக்கோ செல்ல வேண்டும். தடுப்பூசி அங்கு இலவசம்.

4. தோலினுள் போடும் முறையில் ஊசி முதல் நாளும், அதிலிருந்து 3, 7, 28ஆம் நாட்களிலும் போடப்படும். காயம் ஆறிவிட்டதென்று நடுவில் நிறுத்தலாகாது. ஆழ்ந்த காயத்துக்கு வேறொரு மருந்தும் உடன் செலுத்துவதுண்டு.

பாஸ்டர் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1885ஆம் ஆண்டில் இத்தடுப்பு முறையை முதன்முதலாக ஒரு சிறுவனுக்குக் கையாண்டார். நம் பக்கத்தில் நீலகிரியைச் சேர்ந்த குன்னூரில் 1907ஆம் ஆண்டு அவர் பெயரால் ஒரு ஸ்தாபனம் ஏற்பட்டது. அக்காலத்தில் கடிபட்டவர் பலர் மலையேறிச் சென்று, வயிற்றில் பல நாள் ஊசி போட்டுக் கொள்ள வேண்டியிருந்தது. இப்பொழுது ஊசி கையில்தான் போடப்படுகிறது. பழைய அச்சத்தால் ஆஸ்பத்திரிக்குப் போகாமலிருப்பவர் உயிரைப் பணயம் வைக்கிறார்.

சங்கத்தார் செய்யத் தக்கவை

வளர்ப்பு நாய்க்குக் குட்டியாயிருக்கையில் மூன்று மாத வயதில் தடுப்பூசி போட்டு, பிறகு மிருக வைத்தியர் கூறும் நாளில் மறு ஊசியும், வருஷந்தோறும் ஓர் ஊசியும் போட வேண்டும். செப்டம்பர் 28ஆம் தேதி உலக வெறிநோய்த் தடுப்பு தினம். அதையொட்டி மிருக வைத்தியரை ஊருக்கு அழைத்து, சங்கக் கட்டிடத்தருகே எல்லா நாய்களுக்கும் ஒரே நாளில் ஊசி போட ஏற்பாடு செய்யலாம்.

முடக்குகளில் வேலியை இடுப்பளவுக்கு நறுக்கி வைத்தால் எதிரே வருவது தெரியும். வருஷத்தில் ஒரு நாள் அந்தந்தத் தோட்டக்காரர் தம் எல்லையை நறுக்குவதென்று முடிவு செய்து கொண்டால் செலவில்லாமல் வேலை முடியும். பள்ளத்தை மூடுதல், முடக்கில் விளக்கு வைத்தல், நகர்ந்த வேலியைப் பின்னுக்கு வாங்குதல், கழிவு கொட்டுவதைத் தடுத்தல் ஆகியவற்றை ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கூடும் கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டு வரலாம்.

கூட்டுறவுச் சங்கத்தில் பத்துப் பங்கு உடையவருக்கும் ஒரு பங்கு உடையவருக்கும் ஓட்டு ஒன்றே. பாதையிலும் அவ்விதமே. வாகனம் உடையவருக்கு அதிகப் பாத்தியமும், வெறுங்காலுடன் நடக்கும் கிழவிக்குக் குறைந்த பாத்தியமும் கிடையாது. சங்கத்தில் இந்நியாயத்தை ஒப்புக்கொண்ட அங்கத்தினர்கள், வீட்டுக்குத் திரும்பும் இட்டேரியிலும் இதை அநுசரிப்பார்களாயின், ஊரார் மற்றவர்களும் அவர்களைப் பார்த்து நடந்து கொள்வர்.