தவிட்டிலே மறைந்திருந்த உயிர்ச்சத்து

விறகு மலையாகக் குவிந்திருந்தும் தீக்குச்சி இல்லையேல் அடுப்பு எரியுமா? நாம் உண்ணும் சோற்றின் கதையும் இதுவே. அதிலுள்ள மாச்சத்து எரிந்து வலுவாக மாறுவதற்குத் துணைப்பொருள் ஒன்று வேண்டும். இவ்வுண்மையை உலகுக்கு உணர்த்தியவை கோழிகள் என்றால் வியப்பன்றோ?

1886ஆம் ஆண்டில், யாவாத் தீவிலிருந்த ஒல்லாந்தரின் படைவீரரைப் 'பெரிபெரி' என்னும் நோய் வாட்டியது. கால்கள் மரத்துத் தளரும். சிலருக்கு உடல் வீங்கும். ஈற்றில் இதயம் சோர்ந்து உயிர் பிரியும். காரணத்தை ஆராய வந்தோருள் ஒருவரான கிறித்தியான் ஐக்மன் என்னும் மருத்துவர் முதலிற் கிருமியையே தேடினார். இதற்கிடையில் ஆய்வுகூடக் கோழிகளும் கால் தளர்ந்து வீழ்ந்தன. பின்னர் தாமாகவே தேறின. விசாரித்தபோது, நோயுற்ற காலத்தில் அவை மருத்துவமனையின் தீட்டிய வெள்ளையரிசிச் சோற்றை உண்டமை தெரியவந்தது. புதிதாக வந்த சமையற்காரர் அச்சோற்றைக் கொடுக்க மறுத்தார், கோழிகள் பிழைத்தன! தவிட்டை ஊட்டினாலும் நோய் நீங்குவதை ஐக்மன் கண்டார். 1929இல் நோபல் பரிசு அவரை வந்தடைந்தது.

தவிட்டிலிருந்த அப்பொருளே தயமின் என்னும் விற்றமின் பி1. 1926இல் யாவாவிலேயே அது தூய பளிங்காகப் பிரித்தெடுக்கப்பட்டது.

அதன் தொழில் யாது? மாச்சத்து குளுக்கோசாகிப் பின் பைரூவிக்கமிலமாக உடைகிறது. அவ்வமிலத்தை மேலும் எரிக்கும் நொதியத்துக்குத் தயமின் துணைபுரிகின்றது. துணை இல்லையேல் அமிலம் தேங்கும். குளுக்கோசையே பெரிதும் நம்பியிருக்கும் நரம்பும், ஓயாது உழைக்கும் இதயமும் வாடும். வயிறு நிறைந்திருக்க உடம்பு பட்டினி கிடக்கும்! வளர்ந்தோருக்கு நாளொன்றுக்கு வேண்டியது ஏறத்தாழ 1.2 மில்லிகிராம் மாத்திரமே. ஆயினும், உடம்பிலுள்ள சேமிப்பு இரண்டு மூன்று வாரங்களிலே தீர்ந்துவிடும். பெருங்குடியரிடம் இன்றும் இக்குறை காணப்படுகின்றது.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டுச் சத்தின் ஒரு பகுதி அரிசி மணியின் உள்ளே சென்றுவிடுகின்றது. பின்பு தீட்டினாலும் முற்றாக அழிவதில்லை. காரணம் அறியாமலே நம் பாட்டிமார் புழுங்கலரிசியைப் போற்றினர். நாமோ கண்ணுக்கழகென்று வெள்ளையரிசியை வாங்கி, பன்முறை கழுவி, கஞ்சியையும் வடித்துக் கொட்டுகிறோம். தயமின் நீரிற் கரைவது. கொட்டும் நீரோடு அதுவும் போய்விடும்.

ஆதலின் தாய்மார்களே, புழுங்கலரிசியையோ தவிடு நீக்காத அரிசியையோ அளவாகக் கழுவி உலையிலிடுங்கள். கூடவே பயறும் உழுந்தும் சேருங்கள். அடுப்புக்குத் தீக்குச்சியைத் தேடும் நாம் உடம்புக்குரியதைத் தவிட்டோடு வீசலாமா?