கணக்கெழுதுவோரும் கணினியும்

நம் கல்லூரியிலே வர்த்தகப் பிரிவிற் கற்று வெளியேறியோருட் சிலர், உத்தியோகத்தை நாடாது, தம் வீட்டின் ஓர் அறையையே அலுவலகமாகக் கொண்டு, பலசரக்குக் கடை, அரிசி ஆலை, மருந்தகம் முதலியவற்றுக்குக் கணக்கெழுதிச் சீவனம் நடத்துகின்றனர். இன்று அன்னோரை நாடி வரும் வணிகர் முதலிற் கேட்கும் வினா, "தம்பி, கணினியிலே கணக்குச் செய்வீரோ?" என்பதாகும். அவ்வினாவுக்கு "ஆம்" என்று விடையிறுக்க விழையும் இளைஞர்க்குப் பயன்படுமாறு சில கூறுவாம்.

இரட்டைப் பதிவு முறை மிகப் பழையது. 1494ஆம் ஆண்டில் வெனிசு நகரில் அச்சேறிய தமது கணித நூலிலே, லூக்கா பசியோலி என்னும் துறவி, அந்நகர வணிகர் கையாண்ட அம்முறையை விளக்கியுள்ளார். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் ஒரு கணக்கில் வரவாகவும் பிறிதொரு கணக்கிற் செலவாகவும் பதியப்படும் என்பதே அதன் சாரம். குவிக்புக்ஸ், டாலி, விலையின்றிக் கிடைக்கும் குனூகாஷ் ஆகிய மென்பொருள்கள் யாவும் இவ்விதியின் மேலேயே அமைந்துள்ளன. ஆதலின், ஏட்டிற் கணக்கெழுத அறிந்தவர் அவற்றைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை.

டாலியை நோக்குக. காசுக்கும் வங்கிக்கும் இடையிலான எதிர்ப்பதிவுக்கு எப் 4, கொடுப்பனவுக்கு எப் 5, பெறுவனவுக்கு எப் 6, பொது நாளேட்டுக்கு எப் 7, விற்பனைக்கு எப் 8, கொள்வனவுக்கு எப் 9 எனச் சாவிகள் வகுக்கப்பட்டுள்ளன. இவை நாம் வகுப்பிலே கோடிட்டு எழுதிய முதற்பதிவேடுகளே. ஏட்டிலிருந்து பேரேட்டுக்கு மாற்றும் உழைப்பையும் கூட்டும் உழைப்பையும் பொறி ஏற்றுக்கொள்கின்றது. எது எந்தக் கணக்குக்கு உரியது எனத் துணியும் பொறுப்போ எழுதுவோனிடத்தேயே நிற்கின்றது.

நிற்க. பொறியினால் நாம் இழந்ததொன்றும் உண்டு. ஏட்டுக் கணக்கில் ஒரு பக்கம் பதிந்து மறுபக்கம் மறந்தால், பரீட்சை மீதி பொருந்தாது நின்று நம்மை எச்சரிக்கும். மென்பொருளோ ஒருபக்கப் பதிவை ஏற்பதில்லை. ஆதலின் அதன் பரீட்சை மீதி எஞ்ஞான்றும் பொருந்தும். எழுவாயும் பயனிலையும் வழுவின்றி இயைந்த வாக்கியம் பொய்யுரையாகவும் இருத்தல் கூடுமன்றோ? பொருந்திய கணக்கும் அத்தகையதே.

ஓர் எடுத்துக்காட்டு: கடைக்காரர் ஒருவர் 50,000 ரூபாவுக்குக் கடன் விற்பனை செய்து, விலைச்சிட்டை பதியப்பட்டது எனக் கொள்வோம். பின்னர் பணம் வருகின்றது. குவிக்புக்ஸில் அப்பணத்தை, வங்கியில் இடும் வரையும், வைப்பிலிடாப் பணம் என ஒரு தனிக் கணக்கில் நிறுத்தும் ஏற்பாடு உண்டு. வைப்பிலிடும்போது அங்கிருந்து தெரிந்தெடுத்தல் வேண்டும். பழகாதவர் அதனை விட்டுப் புதிய விற்பனையாக மறுபடியும் பதிவர். உடனே விற்பனை 1,00,000 ரூபா எனக் காட்டும். பரீட்சை மீதியும் பொருந்தும். வங்கிக் கூற்றும் ஒக்கும். வணிகரோ ஈட்டாத வருமானத்துக்கு வரி செலுத்த நேரும். கணக்கெழுதியவர்மேற் கொண்ட நம்பிக்கையும் உடன் கெடும்.

இதற்குப் பரிகாரம் ஒன்றே. மாத முடிவிலே கணக்கு மீதி ஒவ்வொன்றையும் புறத்தேயுள்ள சான்றோடு ஒப்பிடுதல் வேண்டும். காசை மேசைப் பெட்டியோடும், வங்கியைக் கூற்றோடும், இருப்பைத் தட்டிலுள்ள பொருளோடும், கடன்பட்டோர் மீதியை அவர்தம் ஒப்புதலோடும் ஒப்பிடுக. மேற்கூறிய 50,000 ரூபா வைப்பிலிடாப் பணமாகக் கணக்கில் நிற்கும். பெட்டியிலோ பணம் இராது. அங்கே பிழை வெளிப்படும்.

கற்கும் முறையும் இதற்கேற்ப அமைதல் நன்று. முதலிலே தம் சொந்த வரவு செலவை மென்பொருளிற் பதிந்து பழகுக. அடுத்து, சிறு கடையொன்றின் ஒரு மாதக் கணக்கை ஏட்டிலும் கணினியிலும் எழுதி, இரண்டும் ஒத்து வரும் வரையும் விடாது ஆராய்க. ஒவ்வொரு வணிகர்க்கும் தனிக்கோப்பு வைத்து, அதன் பிரதியொன்றை வேறிடத்தே காத்தலும் கடனாகும்.

வரி அமைப்பிலும் விழிப்பு வேண்டும். நம் நாட்டு வரி மதிப்பாண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிவதாதலின், மென்பொருளின் நிதியாண்டை அதற்கேற்பத் திருத்துக. பெறுமதி சேர் வரி வீதம் 2022ஆம் ஆண்டு ஜூனில் 8 இலிருந்து 12 வீதமாகவும், அவ்வாண்டு செப்டெம்பரில் 15 வீதமாகவும், 2024 ஜனவரியில் 18 வீதமாகவும் உயர்ந்தது. இவ்வாறு மாறும்போது பழைய வீதத்தை அழித்தல் ஆகாது; புதியதை வேறாக அமைத்துத் திகதிக்கேற்ப வழங்குதல் வேண்டும். அன்றேல் முன்னைய மாதங்களைத் திருத்தப் புகும்போது இடர்ப்பட நேரும்.

மென்பொருள்கள் ஆண்டுதோறும் புதுக்கப்படும். இன்று கற்ற சாவிகள் நாளை மாறலாம். வரவு யாது, செலவு யாது எனத் தெளிந்த அறிவும், கண்ணாற் கண்டு சரிபார்த்த பின்னரே கையெழுத்திடும் வழக்கமும் மாறா. அவ்விரண்டையும் கல்லூரியிலேயே பெற்றுச் செல்லும் நம் மாணவர், எப்பொறியையும் ஏவலாளாகக் கொண்டு, வணிகர் தம்மை நம்பி ஒப்படைக்கும் கணக்கைப் பழுதின்றிக் காப்பாராக.