குடோனில் வண்டு வந்த பிறகு மருந்தா? வராமல் தடுப்பது எப்படி? டெல்டா அரிசி ஆலைகளுக்கு ஒரு விளக்கம்

மூட்டையைப் பிரிச்சதும் வண்டு ஊர்ந்தால்தான் பலரும் மருந்து வைக்க ஆள் தேடுவாங்க. ஆனா அதற்குள் பாதி சேதம் முடிஞ்சிருக்கும்.

ஏன் அப்படி?

கூன்வண்டு அரிசி மணியைத் துளைத்து, உள்ளே முட்டையிட்டு, துளையையும் அடைத்துவிடும். புழு உள்ளேயே தின்று வளரும். நம்ம ஊர் வெப்பத்தில் சுமார் ஒரு மாதத்தில் வண்டாக வெளியே வரும். அதாவது, இன்னைக்குக் கண்ணில் படும் வண்டு போன மாதமே உள்ளே இருந்திருக்கிறது.

டெல்டாவில் என்ன சிக்கல்?

தஞ்சை, திருவாரூர், நாகை பகுதிகளில் குறுவை அறுவடையும் மழையும் பெரும்பாலும் ஒன்றாக வரும். அரசு கொள்முதலில் ஈரப்பத வரம்பு 17%. மழை காரணமாக 2022 அக்டோபரில் இதை 19% வரை மத்திய அரசு தளர்த்தியது. ஆனால் மாதக்கணக்கில் இருப்பு வைக்க 14%-க்குள் இருக்கணும். ஈரம் கூடினால் பூஞ்சையும் பூச்சியும் பெருகும்.

என்ன செய்யலாம்?

* குடோன் காலியாகும்போதே சுவர் விரிசல், மூலைகளில் கிடக்கும் பழைய தானியத்தைக் கூட்டி அள்ளுங்க. அடுத்த சரக்குக்கு வண்டு அங்கிருந்துதான் வரும்.
* பழைய சாக்குகளை வெயிலில் நல்லா காயவைத்து உதறாமல் பயன்படுத்த வேண்டாம்.
* மூட்டைகளை மரச்சட்டத்தின் மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்க.
* முதலில் வந்த சரக்கை முதலில் அனுப்புங்க.
* கோவை தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய பூச்சிப்பொறிக் குழாயைத் தானியத்துக்குள் செருகி வையுங்க. துளை வழியே வண்டு உள்ளே விழும், வெளியே வர முடியாது. வாரம் ஒருமுறை எடுத்துப் பார்த்தால் முன்கூட்டியே தெரியும்.

மாத்திரை வைக்கலாமா?

அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையிலிருந்து வரும் பாஸ்பைன் வாயு உயிரைப் பறிக்கும். பயிற்சியும் உரிமமும் பெற்றவர்கள் மட்டுமே இதைக் கையாளணும். வீட்டோடு சேர்ந்த கடை, ஆள் தூங்கும் இடம் எதிலும் வைக்கவே கூடாது. மூட்டைகளைக் காற்றுப் புகாமல் மூடி, போதிய நாள் வைக்காவிட்டால் தப்பிய வண்டுகள் மருந்துக்குப் பழகிவிடும். அடுத்த முறை அதே மருந்து வேலை செய்யாது.