ஆங்கிலத் தொடர்வினைகளில் இடைச்சொல்லின் பணி: தமிழ்த் துணைவினைகளோடு ஓர் ஒப்பீடு

1. முன்னுரை

பள்ளியிலும் கல்லூரியிலும் பல்லாண்டுகள் ஆங்கிலம் பயின்ற தமிழ் மாணவர் அம்மொழியின் பாடநூல்களையும் அலுவலக மடல்களையும் பெரும்பாலும் இடர்ப்பாடின்றிப் படித்துவிடுகிறார். 'போஸ்ட்போன்', 'டாலரேட்', 'எக்ஸ்டிங்விஷ்' போன்ற நெடிய வினைகள் அவருக்குத் தடையாவதில்லை. ஆயின், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் தம்முள் உரையாடும்பொழுது அவ்வினைகளின் இடத்தில் முறையே 'புட் ஆஃப்', 'புட் அப் வித்', 'புட் அவுட்' என்னும் குறுஞ்சொற் கூட்டங்களே மிகுதியும் வருகின்றன. இவற்றுள் ஒவ்வொரு சொல்லும் தொடக்கப்பள்ளியிலேயே கற்ற சொல். எனினும் தொடரின் பொருள் விளங்குவதில்லை.

இவ்விடர்ப்பாட்டுக்கு நினைவாற்றல் குறைவைக் காரணமாகக் கூறுவது வழக்கம். 'அப்', 'அவுட்', 'ஆஃப்' முதலிய சொற்களைத் தமிழ் வேற்றுமை உருபுகளுக்கு இணையானவையாக மாணவர் கருதிவிடுவதே அதனினும் முதன்மையான காரணம் எனலாம். பல இடங்களில் இவற்றின் பணி தமிழ்த் துணைவினைகளின் பணியையே ஒத்துள்ளது. இவ்வொப்புமையையும் அதன் எல்லைகளையும் அன்றாட வாக்கியங்களின் வழி விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

2. பெயரும் வரலாறும்

ஒரு வினையும் அதனைத் தொடரும் ஓர் இடைச்சொல்லும் இணைந்து ஒரு வினையாக இயங்குவதை ஆங்கில இலக்கணத்தார் 'ஃப்ரேசல் வெர்ப்' என்பர். இங்கு அது தொடர்வினை எனப்படுகிறது. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட தம் அகராதியின் முன்னுரையிலேயே, பின்வரும் சிறுசொல்லால் வினையின் பொருள் திரியும் இம்முறை அயல்மொழியாளருக்குப் பெரும் இடர் தருவது என்று சுட்டியுள்ளார். 'ஃப்ரேசல் வெர்ப்' என்னும் பெயரை 1925இல் லோகன் பியர்சால் ஸ்மித் தம் நூலில் ஆண்டார். அப்பெயரைத் தமக்கு உரைத்தவர் ஹென்றி பிராட்லி என்றும் குறித்தார்.

பழைய ஆங்கிலத்தில் இத்தகைய இடைச்சொற்கள் பல வினைக்கு முன்னொட்டாக நின்றன. இடைக்கால ஆங்கிலத்தில் அவை வினைக்குப் பின் நிற்பது பெருகியது. முன்னொட்டு அமைப்பின் எச்சத்தை 'அப்ஹோல்ட்' போன்ற சொற்களில் இன்றும் காணலாம். ஒரு தீர்ப்பை உறுதிசெய்வது 'அப்ஹோல்ட்'. ஒரு பணியைத் தாமதப்படுத்துவது 'ஹோல்ட் அப்'. உறுப்புகள் இரண்டும் அவையே. வரிசை மாறப் பொருளும் மாறிவிட்டது.

1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் அரசு, சட்டம் ஆகிய துறைகளில் பிரெஞ்சுச் சொற்கள் மிகுந்தன. பின்னர்க் கல்வித்துறை வழியே இலத்தீன் சொற்களும் திரளாகப் புகுந்தன. வீட்டுப் பேச்சில் பழைய குறுவினைகள் நிலைத்தன. ஒரே பொருளுக்கு ஏட்டுவழக்கில் ஒரு வினையும் பேச்சுவழக்கில் ஒரு தொடர்வினையும் அமைந்த இருமைக்கு இவ்வரலாறே பெரிதும் காரணம். இந்திய மாணவர் ஆங்கிலத்தை ஏட்டின் வழியே கற்பதால் முதல்வகைச் சொற்களில் தேர்ச்சியும் இரண்டாம் வகையில் தளர்ச்சியும் பெறுகிறார்.

3. முன்னுருபும் இடைச்சொல்லும்

'அப்' போன்ற ஒரே சொல் ஓரிடத்தில் பெயரைச் சார்ந்த முன்னுருபாகவும், வேறோரிடத்தில் வினையைச் சார்ந்த இடைச்சொல்லாகவும் வரும். பின்வரும் வாக்கியங்கள் நோக்கத்தக்கன:

(அ) ஹீ ரேன் அப் எ ஹில்.
(ஆ) ஹீ ரேன் அப் எ பில்.

முதல் வாக்கியம் 'அவன் ஒரு குன்றின்மேல் ஓடினான்' எனப் பொருள்படும். இரண்டாவது, 'அவன் கடன் ஏறும்படி செலவு செய்தான்' எனப் பொருள்படும். முன்னதில் 'அப்' என்பது 'ஹில்' என்னும் பெயரோடு சேர்வது. தமிழில் 'மேல்' என்னும் சொல்லுருபுக்கு இணையானது. பின்னதில் அது 'ரேன்' என்னும் வினையோடு சேர்ந்து, அவ்வினையின் பொருளையே மாற்றிவிடுகிறது.

இவற்றை வேறுபடுத்தி அறியச் சில சோதனைகள் உள்ளன. தொடர்வினையின் இடைச்சொல் செயப்படுபொருளுக்கு முன்னும் வரலாம், பின்னும் வரலாம். 'டர்ன் ஆஃப் த லைட்', 'டர்ன் த லைட் ஆஃப்' ஆகிய இரண்டும் வழுவற்றவை. செயப்படுபொருள் 'இட்', 'தெம்' போன்ற பதிலிடுபெயராயின் அது நடுவில் வருதல் கட்டாயம். 'டர்ன் இட் ஆஃப்' என்பதே வழக்கு. 'டர்ன் ஆஃப் இட்' என்பது வழு. இதற்கு மாறாக, 'லுக் ஆஃப்டர் ஹெர்' என்பதில் 'ஆஃப்டர்' முன்னுருபு; ஆதலின் 'லுக் ஹெர் ஆஃப்டர்' என மாற்றவியலாது. ஒலிநிலையிலும் வேறுபாடு உண்டு. இடைச்சொல் பெரும்பாலும் அழுத்தம் பெற்று ஒலிக்கும். குறுகிய முன்னுருபு பெரும்பாலும் அழுத்தமின்றி ஒலிக்கும்.

4. பொருண்மை வகைகள்

பொருள் அடிப்படையில் தொடர்வினைகளை மூவகையாகக் கொள்ளலாம்.

முதல் வகையில் இரு சொற்களும் தத்தம் பொருளை இழப்பதில்லை. 'சிட் டவுன்', 'கம் இன்', 'டேக் அவே' என்பவற்றில் இடைச்சொல் திசையை மட்டும் காட்டுகிறது. இவை மாணவருக்கு இடர் தருவதில்லை.

இரண்டாம் வகையில் வினையின் பொருள் நிலைத்திருக்க, இடைச்சொல் திசைப்பொருளை இழந்து, செயல் நிகழும் பாங்கை உணர்த்துகிறது. 'ஈட் அப்', 'யூஸ் அப்' என்பவற்றில் 'அப்' மேல்நோக்கிய இயக்கத்தைக் குறிப்பதன்று. செயல் முற்றுப்பெற்றதைக் குறிக்கிறது. 'ரீட் ஆன்', 'கேரி ஆன்' என்பவற்றில் 'ஆன்' செயலின் தொடர்ச்சியைக் குறிக்கிறது.

மூன்றாம் வகையில் இரு சொற்களும் தம் பொருளை இழந்து புதுப்பொருள் பிறக்கிறது. 'கிவ் அப்' என்பது கைவிடுதல். 'டர்ன் டவுன்' என்பது மறுத்தல். 'பிரிங் அப்' என்பது வளர்த்தல்.

ஓர் இடைச்சொல்லின் மாற்றம் வாக்கியத்தின் விளைவையே மாற்றிவிடும். ஒரு கூட்டம் 'புட் ஆஃப்' செய்யப்பட்டது எனின் பிறிதொரு நாளில் நடைபெறும். 'கால் ஆஃப்' செய்யப்பட்டது எனின் நடைபெறாது. இங்கு வினை மாற, பொருள் மாறியது. மருத்துவர் ஒருவர் நோயாளியிடம் உப்பை 'கட் டவுன் ஆன்' செய்யுமாறு கூறின் குறைத்துக்கொள்ளல் வேண்டும். 'கட் அவுட்' செய்யுமாறு கூறின் அறவே நீக்கிவிடல் வேண்டும். இங்கு வினை ஒன்றே. மருத்துவரின் கட்டளை முழுதும் இடைச்சொல்லில் அடங்கியுள்ளது. அதனைப் பொருளற்ற ஒட்டு என்று கருதிச் செவிமடுப்போர் பிழைபட உணர்வர்.

5. தமிழ்த் துணைவினைகளோடு ஒப்பீடு

மேற்கூறிய இரண்டாம் வகை தமிழருக்கு முற்றிலும் புதியதன்று. 'சாப்பிட்டுவிட்டான்' என்பதில் 'விடு' என்பது நீங்குதல் அல்லது விடுத்தல் என்னும் தன் பொருளை இழந்து, செயலின் முற்றுப்பேற்றை உணர்த்துகிறது. 'படித்துக்கொண்டிருந்தாள்' என்பதில் 'கொள்', 'இரு' ஆகியன தொடர்ச்சியை உணர்த்துகின்றன. 'கிழித்துப்போட்டான்' என்பதை 'டோர் அப்' என்பதற்கு இணையாகக் கொள்ளலாம். மூன்றாம் வகைக்கும் தமிழில் ஒப்புமை உண்டு. 'ஒத்திவை' என்று கூறும் தமிழர் எவரும் ஒரு பொருளை ஓரிடத்தில் வைப்பதை எண்ணுவதில்லை. 'புட் ஆஃப்' என்பதும் ஆங்கிலேயருக்கு அத்தகையதே.

ஆயினும் இவ்வொப்புமைக்கு எல்லை உண்டு. தமிழில் துணைவினையாவது மற்றொரு வினை. ஆங்கிலத்தில் அப்பணியைச் செய்வது பெரும்பாலும் இடத்தையும் திசையையும் குறித்த சொல். தமிழில் 'விடு' ஏறத்தாழ எல்லா வினைகளோடும் சேரும். 'அப்' அவ்வாறு சேர்வதில்லை. அது பெரும்பாலும் ஓரசை, ஈரசைக் குறுவினைகளையே நாடுகிறது. 'ஃபினிஷ் அப்' என்பது வழக்கு. 'கம்ப்ளீட் அப்' என்பது வழக்கன்று. மேலும், 'ஈட் அப்' என்பதன் செயப்படுபொருள் வரையறுத்த அளவினதாக இருத்தல் வேண்டும். 'ஈட் அப் த ரைஸ்' என்பது இயல்பு. 'த' இன்றிப் பொதுவாக 'ஈட் அப் ரைஸ்' என்பது இயல்பன்று. தமிழிலோ 'சோறு சாப்பிட்டுவிட்டு வா' என்பதற்கு எத்தடையும் இல்லை.

6. இந்திய வழக்கில் சில போக்குகள்

'விளக்கை ஆஃப் பண்ணு', 'ஃபேனை ஆன் பண்ணு' என்பன இன்றைய தமிழ்ப் பேச்சில் நிலைத்துவிட்டன. இங்கு ஆங்கிலத் தொடர்வினையின் 'டர்ன்', 'சுவிட்ச்' ஆகிய வினைகள் கைவிடப்பட்டு, இடைச்சொல் மட்டும் கடனாகப் பெறப்பட்டுள்ளது. தொடரின் பொருட்சுமையைத் தாங்குவது இடைச்சொல்லே என்பதற்கு இது தக்க சான்று. இவ்வமைப்பே மீண்டும் ஆங்கிலத்திற்குள் சென்று, 'ஆஃப் த ஃபேன்' என வினையற்ற வாக்கியமாகச் சிலர் பேச்சில் ஒலிக்கிறது.

வேண்டாத இடைச்சொல்லைச் சேர்ப்பதும் உண்டு. 'கோப் வித்' என்பது 'கோப் அப் வித்' என வழங்குவதற்கு 'கீப் அப் வித்', 'புட் அப் வித்' ஆகியவற்றின் சாயல் காரணமாகலாம். 'பாஸ் அவுட்' என்பது இந்தியாவில் படிப்பை முடித்து வெளியேறுதலைக் குறிக்கும். பிறநாட்டு ஆங்கிலத்தில் அதன் பொதுப்பொருள் மயங்கிவிழுதல். இங்கிலாந்தில் படைப்பயிற்சியை முடித்தலையும் அது குறிக்கும். வெளிநாட்டு வேலைக்கான விண்ணப்பத்தில் இதனை எழுதுவோர் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் நலம். முன்கூட்டியே நடத்துதல் என்னும் பொருளில் இந்தியர் ஆளும் 'பிரிபோன்' என்னும் வினை ஆங்கில அகராதிகளிலும் இடம்பெற்றுவிட்டது. 'பிரிங் ஃபார்வர்ட்' என்னும் குறுவினைத் தொடர் இருந்தும், இலத்தீன் சாயலுடைய சொல்லையே இந்திய ஆங்கிலம் விரும்பியுள்ளமை கருதத்தக்கது.

7. முடிவுரை

பயிற்றுநூல்கள் பலவற்றில் 'கெட்', 'புட்', 'டேக்' என வினைகளின் அடிப்படையில் தொடர்வினைப் பட்டியல்கள் தரப்படுகின்றன. இம்முறையில் மாணவர் ஒவ்வொன்றையும் தனித்தனியே மனப்பாடம் செய்ய நேர்கிறது. 1989இல் வெளிவந்த காலின்ஸ் கோபில்ட் தொடர்வினை அகராதி இடைச்சொற்களுக்கெனத் தனி அட்டவணை ஒன்றைத் தந்து, அவற்றின் பொருட்புலங்களை விளக்கியது. தமிழ் மாணவருக்கான நூல்களும் இவ்வழியைப் பின்பற்றி, முற்றுப்பேறு உணர்த்தும் 'அப்' தொடர்களை 'விடு' துணைவினை வாக்கியங்களோடும், தொடர்ச்சி உணர்த்தும் 'ஆன்' தொடர்களைக் 'கொண்டிரு' வாக்கியங்களோடும் இணைத்துக் காட்டலாம். மூன்றாம் வகையை மட்டும் முழு வாக்கியங்களின் வழி, தனிச்சொற்களைப் போலவே கற்பித்தல் வேண்டும். பதிலிடுபெயரின் இடம் பற்றிய விதியைத் தொடக்கநிலையிலேயே பழக்கிவிடுவது பயன்தரும். தாய்மொழியில் தாம் அறியாமலே கையாளும் ஓர் அமைப்பை அயல்மொழியிலும் அடையாளம் காணும் மாணவருக்கு மனப்பாடச் சுமை பெருமளவு குறையும்.