ஓர் அரிசி செய்யும் அட்டகாசம்!

வீட்டுக் கூரையில் தொங்கும் மின்சார விசிறி சில சமயம் தள்ளாடுவதை எல்லோரும் பார்த்திருப்போம். ஓர் இறக்கை சற்று வளைந்திருக்கும். நாமும் "ஆடினால் ஆடட்டும்" என்று அதன் கீழேயே படுத்துத் தூங்கிவிடுகிறோம். நிமிஷத்துக்குச் சில நூறு சுற்றுத்தானே சுற்றுகிறது? அதனால் பிழைத்தோம்!

அதுவே 40,000 சுற்றுச் சுற்றினால்?

ஜெட் விமானங்களைப் போலவே சிறு மாதிரிகளைச் செய்து, தரையில் நின்றபடி ரேடியோ மூலம் பறக்கவிடும் பிரியர்கள் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் ஏராளம். கொரியா யுத்தத்தில் பறந்த 'சேபர்' விமானத்தின் மாதிரியை வானில் பார்த்தால் அசல் ஜெட்டே என்பீர்கள். உள்ளே நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. ஒரு குழாய், அதற்குள் உள்ளங்கையில் அடங்கும் 70 மில்லிமீட்டர் விசிறி, சுழற்ற மின்சார மோட்டாரும் லித்தியம் பாட்டரியும். அவ்வளவுதான்!

விசிறியின் மையத்திலிருந்து 3 சென்டிமீட்டர் தள்ளி, ஓர் இறக்கையில் மட்டும் ஓர் அரிசியின் எடை, அதாவது சுமார் 20 மில்லிகிராம், கூடியிருப்பதாக வைத்துக்கொள்வோம். 40,000 சுற்று வேகத்தில் அந்த அரிசி வெளிப்புறமாக இழுக்கும் விசை எவ்வளவு தெரியுமா? ஒரு கிலோவுக்கும் சற்று அதிகம்! அதுவும் ஒரே திசையில் அல்ல. விநாடிக்கு 660 தடவைக்கு மேல் சுற்றிச் சுற்றி இழுக்கும். வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்கு. பேரிங் தேயும், திருகாணிகள் தாமாகக் கழலும், இறக்கையின் நுனி குழாயில் உரசும். பல மாதம் இழைத்து இழைத்துச் செய்த விமானம் ஒரு நொடியில் மண்ணைக் கவ்வும்.

இதற்கு முதல் வைத்தியம் காந்தத் தராசு. விசிறியின் நடுவே மெல்லிய தண்டைச் செருகி, இரண்டு காந்தங்களுக்கு இடையே தொங்கவிடுகிறார்கள். தண்டின் ஒரு முனை மட்டுமே காந்தத்தைத் தொடுவதால் உராய்வு அநேகமாக இல்லை. கனத்த இறக்கை தானே கீழே வந்து நிற்கும். அதைச் சுரண்டினால் இறக்கை பலம் குறையலாம். எதிர்ப்பக்கம் ஒட்டுத்தாள் ஒட்டினால் வேகத்தில் பிய்த்துக்கொண்டு போகலாம். எதிர்ப்பக்கத்தில், குடத்தின் உட்புறமாக ஒரு சொட்டுப் பசை வைப்பதே புத்திசாலித்தனம்.

வேலை முடிந்ததா? இல்லை. இனிமேல்தான் சங்கடம்! விசிறியை மோட்டார் தண்டுடன் இணைக்கும் சிறு அலுமினியத் துண்டின் துவாரம் மையம் தவறியிருந்தால், தராசில் பட்ட பாடு அத்தனையும் வீண். 30 கிராம் விசிறி ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு விலகினாலே போதும். நம் அரிசி திரும்பி வந்துவிடும்.

ஆகவே தேர்ந்தவர்கள் மோட்டாரில் மாட்டியே சோதிக்கிறார்கள். குடத்தில் ஓரிடத்தில் துளி எடை வைத்து, குறைந்த வேகத்தில் ஓட்டி, அதிர்ச்சியைக் குறித்துக்கொள்வார்கள். பிறகு அதே எடையை வேறு இரண்டு இடங்களுக்கு மாற்றி ஓட்டுவார்கள். எங்கே அதிர்ச்சி குறைகிறதோ, அந்தப் பக்கம்தான் இளைத்த பக்கம். விசிறி, துண்டு, தண்டு மூன்றிலும் மையால் ஒரே கோட்டில் அடையாளம் இடுவதும் உண்டு. கழற்றி மாட்டும்போது இடம் மாறினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டுமே!

சோதிக்கும்போது விசிறிக்கு நேர்ப் பக்கவாட்டில் மட்டும் யாரும் நிற்பதில்லை. இறக்கை ஒடிந்தால் அந்தத் திசையில்தான் பாயும். எல்லாம் சரியாக அமைந்துவிட்டால், காதைத் துளைத்த ஊளை அடங்கி, 'உஸ்' என்ற காற்றோசை மட்டும் கேட்கும்.