சிறுநீர்க் கசிவுக்குச் சத்திரசிகிச்சை: எது மலிவு?

இருமும்போதும் தும்மும்போதும் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போதும் சிறுநீர் கசிவது பெண்கள் பலருக்குள்ள தொல்லையாகும். "பிள்ளை பெற்றவளுக்கு இது வழமைதானே" என்று சொல்லி நாம் அதை மறைத்து விடுகிறோம். இதனால் கலியாண வீட்டுக்கும் தூரப் பயணத்துக்கும் போகாமல் விடுவோரும் உண்டு. ஆனால் இது சிகிச்சையால் மாற்றக்கூடிய நோயாகும். சத்திரசிகிச்சை முறைகளும் பல உள்ளன. அவற்றுள் எது செலவு குறைந்தது? பிரித்தானியாவின் அனுபவத்தைக் கொண்டு இதை ஆராய்வோம்.

ஏன் கசிகிறது?

சிறுநீர்ப்பையையும் சிறுநீர் வெளியேறும் குழாயையும் இடுப்பின் அடித்தளத் தசைகள் தாங்கி நிற்கின்றன. பிரசவத்தாலும் வயதாலும் இவை தளரும்போது, வயிற்றில் அழுத்தம் கூடினால் சிறுநீர் கசிகிறது. நாம் இங்கு பேசும் சத்திரசிகிச்சைகள் இவ்வகைக் கசிவுக்கே உரியவை. அவசரமாகச் சிறுநீர் முட்டி, அடக்க முடியாமல் போவது வேறு வகை. அதற்குச் சிகிச்சையும் வேறு.

இரண்டு முறைகள்

பழைய முறை 1961இல் பேர்ச் என்ற அமெரிக்க வைத்தியர் வெளியிட்டது. அடிவயிற்றைத் திறந்து, சிறுநீர்ப்பையின் கழுத்துப் பகுதியைத் தையலால் உயர்த்தி, இடுப்பெலும்பை ஒட்டிய நாருடன் கட்டுவார்கள். தையல் நூலுக்குப் பெரிய விலையில்லை. ஆனால் பல நாட்கள் கட்டிலில் இருக்க வேண்டும்.

புதிய முறையை 1996இல் சுவீடன் வைத்தியர் உல்ம்ஸ்ரென் வெளியிட்டார். சிறு கீறல்கள் ஊடாக, பிளாஸ்ரிக் இழையால் பின்னிய நாடாவொன்றைச் சிறுநீர்க் குழாயின் கீழ் ஊஞ்சல்போல வைப்பார்கள். நாடா விலை கூடியது. ஆனால் நோயாளி விரைவில் வீடு திரும்பலாம்.

இவற்றைவிட, நோயாளியின் சொந்தத் தசையுறையில் ஒரு கீலம் எடுத்து ஊஞ்சலாக வைக்கும் முறையும், குழாயைச் சுற்றி ஊசி மூலம் மருந்தேற்றும் முறையும் உண்டு. ஊசி முறை இலகுவானது. ஆனால் பலருக்கு மீண்டும் போட வேண்டி வரும்.

முதற் கணக்கு

பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் 344 பெண்களிடம் முதலிரு முறைகளும் ஒப்பிடப்பட்டு, 2002இல் முடிவு வெளியானது. குணமடைந்தோர் தொகையில் பெரிய வேறுபாடு இல்லை. வைத்தியசாலையில் தங்கிய காலமோ நாடா முறைக்குப் பொதுவாக 1 நாள், பழைய முறைக்கு 5 நாள். 2003இல் வெளியான செலவுக் கணக்கின்படி, நாடா முறையால் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 243 பவுண் மிச்சமாகியது. நாடாவின் விலையைக் கட்டில் நாட்களின் மிச்சம் ஈடுசெய்தது.

ஆனால் இக்கணக்கு சத்திரசிகிச்சையின் பின் 6 மாதங்களுடன் முடிந்துவிட்டது.

பின்னால் வந்த செலவு

நாடா பல பெண்களுக்கு நற்பலன் தந்தது உண்மையே. எனினும் சிலருக்கு ஆண்டுகள் கழித்து அது தசையை அரித்து வெளியே வந்தது. தீராத வலியும் ஏற்பட்டது. தசை அதனுள் வளர்ந்துவிடுவதால் அகற்றுவதும் கடினம். பலதடவை சத்திரசிகிச்சை செய்தோரும் உளர். 2018 யூலையில் இங்கிலாந்தில் நாடா முறையின் வழமையான பாவனை இடைநிறுத்தப்பட்டது. நாடாவை அகற்றத் தனியார் வைத்தியசாலைகளில் சொந்தப் பணம் செலவிட்ட பெண்களுக்கு அதைத் திருப்பிக் கொடுக்க 2022இல் ஸ்கொட்லாந்து சட்டம் இயற்றியது. இங்கிலாந்தின் நோயாளர் பாதுகாப்பு ஆணையாளர், இவ்வாறான செயற்கை வலைகளால் பாதிக்கப்பட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் ஆரம்பத் தொகையாக 20,000 பவுண் வழங்கலாமென 2024இல் பரிந்துரைத்தார்.

பணத்தின் பெறுமதி மாறியதை விட்டுப் பார்த்தால், அத்தொகை 82 பெண்களிடம் மிச்சம் பிடித்த பணத்துக்குச் சமம். ஆறு மாதக் கணக்கில் மலிவாகத் தோன்றியது சிலருக்கு வாழ்நாட் கடனாகிவிட்டது.

நாம் எண்ண வேண்டியவை

எமது அரச வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் அறவிடுவதில்லை. ஆயினும் பஸ் செலவு, இழந்த கூலி, துணைக்கு வருபவரின் நாட்கூலி, பாரம் தூக்காமல் ஓய்வெடுக்கும் வாரங்கள் ஆகியன எமது கணக்கில் சேரும். ஆகவே வைத்தியரிடம் இவற்றைக் கேட்போம்: உடலில் நிரந்தரமாக ஏதும் வைக்கப்படுமா? பின்னர் அதை அகற்ற முடியுமா? மீண்டும் கசிந்தால் என்ன வழி? எத்தனை நாள் வேலை செய்ய முடியாது?

இவற்றுக்கெல்லாம் முன்னர், செலவேயில்லாத சிகிச்சை ஒன்றுண்டு. சிறுநீரை அடக்கும்போது இறுகும் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியே அது. தடவைக்குக் குறைந்தது 8 முறை, நாளுக்கு 3 தடவை, 3 மாதம் விடாமல் செய்ய வேண்டும். சரியான தசையை இறுக்குகிறோமா என்பதை வைத்தியரிடமோ பயிற்சி பெற்ற தாதியிடமோ கேட்டறிவது நல்லது. பலருக்கு இதுவே போதுமாகிவிடும். போதாதவர்கள் வெட்கத்தை விட்டு, கேள்விகளுடன் வைத்தியசாலைக்குச் செல்லட்டும்.